குப்பையைக் கலக்கும் லாரிக்கு அபராதம் எப்போது?

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் குப்பை அள்ளும் தனியார் ஒப்பந்தம் விரைவில் முடிகிறது. புதிய ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். குப்பையைப் பிரித்துத் தராத வீடுகளிடம் அபராதம் வசூலிக்கிறீர்கள். சரிதான். பிரித்துத் தந்த குப்பையைக் கலந்து கொட்டும் ஒப்பந்ததாரரிடமும் அதே கண்டிப்போடு வசூலியுங்கள்.

எங்கள் தெருவுக்குக் காலையில் பேட்டரி வண்டி வருகிறது. பச்சைத் தொட்டியில் காய்கறித் தோலும் மீந்த சோறும், நீலத் தொட்டியில் பால் பாக்கெட்டும் அட்டைப் பெட்டியும் போக வேண்டும். வண்டியோடு வரும் அம்மா, கலந்து கட்டிய பையைக் கண்டால் வாங்கவே மாட்டார். "பிரிச்சுக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தக் கண்டிப்பெல்லாம் பஸ் நிலையத்தின் பின்புறம் வரைக்கும்தான். அங்கே ஒப்பந்ததாரரின் காம்பாக்டர் லாரி காத்து நிற்கிறது. பச்சையும் நீலமும் அதன் ஒரே வாய்க்குள் கவிழ்கின்றன. இரும்புத் தகடு இறங்கி அழுத்துகிறது. சாம்பார்ச் சோறு அட்டைப் பெட்டிக்குள் ஊறி, லாரியின் அடியிலிருந்து கறுப்பாக ஒழுகுகிறது. அந்த அட்டையை இனி எந்தப் பழைய பேப்பர் கடைக்காரரும் எடைக்கு எடுக்க மாட்டார். பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்துவிட்ட அந்தச் சோறும் காய்கறியும் நல்ல உரமாகாது.

இது தூய்மைப் பணியாளர்களின் அலட்சியம் இல்லை. ஒப்பந்தத்தின் கோளாறு. எடை மேடையில் ஏறும் டன் கணக்குக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். உரக் கிடங்குக்கும் காயலான் கடைக்கும் தனியே போகும் ஒவ்வொரு கிலோவும் ஒப்பந்ததாரருக்கு நட்டம். லாரியில் ஏறிக் குப்பைக் கிடங்குக்குப் போனால் லாபம். மழையில் நனைந்து ஊறிய குப்பை என்றால் இன்னும் லாபம். கலப்பதற்குக் காசு தருவோம் என்று நாமே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரித்துக் கொடுங்கள் என்று சுவரெங்கும் எழுதி வைத்தால் யார் மதிப்பார்கள்? சென்னை மாநகராட்சி 2020-இல் சில மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, டன் கணக்கை விட்டுவிட்டு, செய்த வேலையின் தரத்தை அளந்து பணம் தரும் முறைக்கு மாறியது. நம்மால் மட்டும் ஏன் முடியாது?

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, பிரித்த குப்பையைப் பிரித்தபடியே கொண்டு செல்லும் பொறுப்பை உள்ளாட்சியின் தலையில் வைத்தன. மறுசுழற்சிக்கு உதவாத, மட்காத, எரியாத கழிவைத் தவிர வேறெதையும் நிலநிரப்பில், அதாவது குப்பையைக் கொட்டிப் புதைக்கும் இடத்தில், கொட்டக் கூடாது என்றும் அவை சொல்லின. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் வகையில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளோ ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு (நாப்கின், டயப்பர்), சிறப்புக் கவனம் வேண்டிய கழிவு (பழைய பல்பு, மருந்து) என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. இரண்டையே கலக்கும் லாரியிடம் நான்கைக் கொடுத்து என்ன பயன்?

கலந்து கொட்டிய ஊர்கள் என்ன விலை கொடுக்கின்றன என்பது கண்ணெதிரே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கில் தீ. மட்கும் குப்பை காற்றில்லாமல் அடியில் அழுகி மீத்தேனைக் கக்குகிறது. மேலே காய்ந்த பிளாஸ்டிக்கும் துணியும் கிடக்கின்றன. வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். சென்னை கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பை மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் திட்டத்தின் மதிப்பு 600 கோடி ரூபாய்க்கும் மேல். வீட்டு வாசலில் காசில்லாமல் பிரிந்து கிடந்ததைக் காசு கொடுத்துக் கலந்து, பிறகு கோடிகளைக் கொட்டி மறுபடியும் பிரிக்கிறோம். இதைவிடப் பெரிய வீண் செலவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கல்யாண மண்டபங்கள், பெரிய ஓட்டல்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ளும் தனியார் வண்டிகளையும் மறக்க வேண்டாம். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் தங்கள் கழிவுக்குத் தாங்களே பொறுப்பு என்கிறது விதி. முகூர்த்த நாளுக்கு மறுநாள் ஏரிக்கரையில் குவிந்து கிடக்கும் வாழை இலையும் பிளாஸ்டிக் தம்ளரும் எந்த வண்டியில் வந்தன என்று யாரும் கேட்பதில்லை. நகராட்சியில் பதிவு செய்யாத வண்டி குப்பை ஏற்றக் கூடாது. ஏற்றிய குப்பையை எங்கே இறக்கியது என்பதற்கு ரசீது காட்ட வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகள் போதும், பாதிப் பேர் வழிக்கு வந்துவிடுவார்கள்.

புதிய ஒப்பந்தத்தில் மட்கும் குப்பைக்கும் மட்காத குப்பைக்கும் தனித்தனி எடைச் சீட்டு இருக்கட்டும். உரமாக்கும் மையத்திலும் தரம் பிரிக்கும் கூடத்திலும் இறக்கிய எடைக்கு முழுத் தொகையும், கிடங்கில் கொட்டியதற்குக் குறைந்த தொகையும் கொடுங்கள். கலந்த நடைக்கு ஒரு பைசாவும் தராதீர்கள். சுகாதார ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் லாரியைத் திறந்து பார்க்கட்டும். மூன்றாவது முறை பிடிபட்டால் ஒப்பந்தமே ரத்து என்று எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு வரியை மட்டும் மிகக் கவனமாகச் சேருங்கள்: அபராதத்தைப் பணியாளர்களின் கூலியில் பிடிக்கக் கூடாது. மேலே விழும் அடியைக் கீழே தள்ளிவிடுவது ஒப்பந்த முறையில் மிகச் சுலபம். கையுறைகூட ஒழுங்காகக் கிடைக்காத அந்த அம்மாவின் சம்பளத்தில் முதலாளியின் தவறு கழிக்கப்படுவதற்கா நாங்கள் இதைக் கேட்கிறோம்?

ஒப்பந்த வரைவை அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நாங்கள் படித்துப் பார்த்து, எங்கள் கருத்தை எழுத்தில் தருகிறோம்.

இப்படிக்கு,
பஸ் நிலைய வார்டில் வரி கட்டும் ஒரு குடும்பத் தலைவி