குடிநீர்த் தரம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசுபட்ட நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்து ஓடையில் விடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியேறும் நீர் குடிநீர்த் தரத்தில் இருந்தால் போதும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அது போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாமிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே போதும், கடினத்தன்மை குறைந்த, அதாவது கரைந்த சுண்ணாம்பு போன்ற உப்புகள் குறைவாக உள்ள ஓடை நீரில் நீர்த்தெள்ளுகள் செத்துவிடும். மீன் குஞ்சுகளுக்கு இரையாகும் மிகச் சிறிய நீருயிர்கள் அவை. அதே தாமிரம் கடின நீரில் அவ்வளவு வீரியம் காட்டாது. எந்த ஓடையில் விடப்போகிறோம் என்று பார்க்காமல் வரம்பை எழுதவே முடியாது.

எதற்கெல்லாம் வரம்பு வைக்கிறோம் என்பதும் முக்கியம். எந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் பயன்படுத்திய ட்ரைகுளோரோ எத்திலீன்தான் பல இடங்களில் நிலத்தடியில் இறங்கிக் கிடக்கிறது. காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போது வினைல் குளோரைடு உருவாகிறது. இது தாயைவிடப் பொல்லாத பிள்ளை. அமெரிக்கக் குடிநீர் வரம்பு முதலாவதற்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், இரண்டாவதற்கு 2 மைக்ரோகிராம்தான். சுத்திகரிப்பு நிலையத்தின் கரித்தொட்டி ட்ரைகுளோரோ எத்திலீனை நன்றாகப் பிடித்து வைக்கும். வினைல் குளோரைடு அதில் சரியாக ஒட்டாது, முதலில் நழுவி வெளியே வரும். பட்டியலில் தாயின் பெயர் மட்டும் இருந்தால், பிள்ளை ஓடைக்குப் போவது யார் கண்ணுக்கும் தெரியாது.

சரி, பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதற்காகத்தான் உயிரிச் சோதனை. பிறந்து 24 மணி நேரம் ஆகாத நீர்த்தெள்ளுகளைச் சின்னக் கோப்பைகளில், கோப்பைக்கு ஒன்றாக விடுவோம். சிலவற்றில் வெளியேறும் நீர் அப்படியே இருக்கும்; சிலவற்றில் பாதி, கால் என்று நல்ல நீர் கலந்திருக்கும். தினமும் நீரை மாற்றி, தீனி வைத்து, எத்தனை குஞ்சு பொரித்திருக்கிறது என்று விளக்கொளியில் எண்ணுவோம். ஏறக்குறைய ஒரு வாரம் ஓடும். சாகாமல் இருந்தும் குஞ்சு குறைந்தால், அதுவும் நஞ்சின் அடையாளம்தான்.

ஒரு முறை ஒரு நிலையத்திலிருந்து வந்த மாதிரியில் எல்லா வேதிப்பொருளும் வரம்புக்குள் இருந்தன. அன்றைக்கு எனக்கும் நிம்மதி. மறுநாள் காலை பார்த்தால், கலப்பில்லாத நீர் இருந்த பத்துக் கோப்பைகளிலும் ஓர் அசைவு இல்லை. குழாயில் படிந்த இரும்புக் கசடைக் கழுவ அவர்கள் ஊற்றிய மருந்துதான் காரணம் என்று அப்புறம் தெரிந்தது. அந்த மருந்தின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கோப்பையில் செத்தது நீர்த்தெள்ளு. ஓடையில் என்னென்ன செத்ததோ, அதை யாரும் எண்ணவில்லை.

ஓடையில் கலந்தால் நீர்த்துப்போகும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோடையில் ஓடை வற்றிக் கிடக்கும்போது குழாயிலிருந்து விழும் நீர்தான் ஓடையே. வரம்பைக் குழாய் முனையில் அளக்க வேண்டும். மாதச் சராசரியோடு ஒரு நாளின் உச்ச அளவையும் எழுத வேண்டும். கரித்தொட்டிகள் இரண்டை வரிசையாக வைத்து, இரண்டுக்கும் நடுவில் மாதிரி எடுக்க வேண்டும். அப்போதுதான் முதல் தொட்டியின் கரி இனி நஞ்சைப் பிடிக்காது என்பது முன்கூட்டியே தெரியும்.

இப்படிச் சுத்திகரித்த நீரை ஓடையில் விடுவதற்கான ஒரு அனுமதியின் வரைவு மக்கள் கருத்துக்கு வந்தால், வாசகர்கள் அதில் நச்சுத்தன்மை பற்றிய வரியை முதலில் தேடிப் பார்க்கட்டும். 'கண்காணிக்கப்படும்' என்று மட்டும் இருந்தால், அதை 'மீறக்கூடாது' என்று மாற்றச் சொல்லி எழுதட்டும்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் வாசகி