‘டக்’ சத்தத்தைக் கேட்டும் ஓட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் 2008 மாடல் பிக்கப் வண்டி ஒன்றை வைத்து, களத்திலிருந்து நேரடி கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வருகிறேன். தை பிறந்ததும் சம்பா அறுப்பு சூடுபிடித்துவிடும். அதற்குள் என்னைப் போன்ற வண்டிக்காரர்களிடம், வண்டிக்கு அடியில் சுற்றும் ஷாப்டின் கிராஸைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

போன குறுவை அறுப்பு எங்களுக்கு மழையோடுதான் முடிந்தது. சேற்றில் வண்டி அச்சு வரை இறங்கி இறங்கி ஏறியது. ஐப்பசிக் கடைசியில், கிளட்சை விட்டதும் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டாலும் அதே சத்தம். மெதுவாகப் போனால் குருவி கத்துவதுபோல் கீச்சுக் கீச்சு. பழைய வண்டி, சத்தம் போடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

வேகம் 50ஐத் தாண்டினாலே வண்டி நடுங்க ஆரம்பித்த பிறகுதான் அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்டைப் பிடித்து முறுக்கினால், அதன் மூட்டில் இருக்கும் கூட்டல் குறி மாதிரியான கிராஸில் நல்ல ஆட்டம். கிராஸின் ஒவ்வொரு காலையும் மூடியிருக்கும் கப்பைச் சுற்றித் துரு செம்பொடியாக வந்திருந்தது. ஷாப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரும் கிழிந்து தொங்கியது. அந்தக் கப்புக்குள் ஊசி ஊசியாகச் சின்ன ரோலர்கள் இருக்கின்றன. சேற்றுத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, கிராஸின் காலில் வரிவரியாகப் பள்ளம் விழுந்துவிடும். அப்புறம் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு பட்டறையில் மூன்று கிராஸும் சென்டர் பேரிங்கும் புதிதாகப் போட்டார்கள். நடுக்கம் குறையவில்லை, கூடியது. மன்னார்குடியில் வயதான மெக்கானிக் ஒருவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். கழற்றும்போது அடையாளம் வைக்காமல், ஷாப்டின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பல் பகுதியான ஸ்பிளைனில் பல் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது ஷாப்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையுமாம். அடுத்த கிராஸ் அதைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் ஷாப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற யோக்கும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். அவர் கழற்றி நேராக மாட்டினார், நடுக்கம் நின்றது. நான் கொடுத்தது இரண்டு கூலி.

ஆகவே கழற்றும் முன், ஷாப்டை போல்ட் போட்டு இணைக்கும் பிளேஞ்சிலும் ஸ்பிளைனிலும் பெயிண்டால் கோடு போடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். கப் இறங்காமல், அதைக் கழலாமல் பிடிக்கும் லாக் உட்காரவில்லை என்றால் உள்ளே ஒரு ஊசி ரோலர் சாய்ந்திருக்கும். சுத்தியலால் ஓங்கி அடிக்க விடாதீர்கள். இன்னொன்று, கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோமே என்று நம்பிக் கீழே போகாதீர்கள். ஷாப்ட் கழன்றதும் கியர் வண்டியைப் பிடிக்காது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தே தீர வேண்டும்.

பாரத்தோடு போகும்போது முன் கிராஸ் உடைந்தால் ஷாப்டின் முனை சாலையில் குத்தும். மூட்டை மேல் ஆட்களையும் ஏற்றி வருகிறோம், அந்தப் பழக்கத்தையும் விட வேண்டும்.

கொள்முதல் நிலைய வாசலில் வரிசையில் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறோம்! எஞ்சினை அணைத்து, கட்டை வைத்து, கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்து, ஒவ்வொரு கிராஸின் நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். கால் மணி நேர வேலைதான்.

இப்படிக்கு,
நெல் வண்டிக்காரர் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம்.