பித்தநாளப் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: மஞ்சள் விவசாயி, கோபிசெட்டிபாளையம் வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஈரோடு மாவட்டம்.

பொருள்: பித்தநாளம் அடைபட்டு வரும் அடைப்புக் காமாலை நோயாளிகளுக்கு, புற்றுநோய்க் குறியீடாகப் பார்க்கப்படும் சிஏ 19-9 இரத்தப் பரிசோதனையை உரிய நேரத்தில், கட்டணமின்றிச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியில் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பத்தியம் இருக்கச் சொல்வது இன்றும் வழக்கம். கல்லீரல் அழற்சிக் காமாலை பல நேரம் தானாகவே தணிந்துவிடுவதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. பித்தநாளத்தில் கட்டி அடைத்து வரும் காமாலையோ நாளுக்கு நாள் ஏறும். மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, இரவில் தூங்கவிடாமல் உடம்பு அரிக்கும்.

என் தாய்மாமனுக்கு இவ்வாறு காமாலை கண்டு, குளிர்காய்ச்சலும் சேர்ந்திருந்த நிலையில், தனியார் ஆய்வகம் ஒன்றில் எடுத்த சிஏ 19-9 அளவு 812 என வந்தது. 37 வரை இயல்பு. அதே சீட்டில் காமாலையின் கடுமையைக் காட்டும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமி 16 என்றிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. நோய் முற்றிவிட்டது, அறுவை சிகிச்சையால் பயனில்லை என்று கூறி அனுப்பிவிட்டனர். பின்னர் வேறிடத்தில் அடைப்பைத் திறக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு குழாய் வைத்துப் பித்தம் வடிந்து, காய்ச்சலும் நின்றபின் எடுத்தபோது சிஏ 19-9 அளவு 140 ஆக இறங்கியிருந்தது. கட்டி இருந்தது உண்மைதான். ஆனால் அறுத்தெடுக்கும் நிலையில் இருந்தது. இந்நோயைக் குணப்படுத்த அறுவை சிகிச்சையே வழி என்னும்போது, இடையில் கழிந்த வாரங்களை எண்ணினால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பித்தநாளம் கல்லால் அடைபட்டாலும் கிருமி தொற்றினாலும் சிஏ 19-9 உயரும். லூயிஸ் என்னும் இரத்த வகைக் கூறு (ஏ, பி வகைகளைப் போன்ற ஒன்று) இல்லாத, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் புற்றுநோய் இருந்தும் அது உயராமலே போகலாம். ஐஜிஜி4 என்னும் எதிர்ப்புப் புரதம் சார்ந்த அழற்சி ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படும் நோயாயினும் ஸ்கேனில் புற்றுநோய் போலவே தெரியும். ஆகவே அந்த ஓர் எண்ணைக் கொண்டு நோயை உறுதிசெய்வதும் இல்லை எனத் தள்ளுவதும் தவறு. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் உடன் வேண்டும். அதே சமயம், அடைப்பு நீங்கிய பின்னும் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும் அளவு நோய் பரவியிருப்பதற்கான வலுவான எச்சரிக்கை. அறுவைக்குப் பின் இயல்புக்கு வந்த அளவு மீண்டும் ஏறுவது நோய் திரும்புவதை உணர்த்தக்கூடும். சாதாரண இரத்த அணுச் சோதனையில் கிடைக்கும் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களின் விகிதமும், தனியாகப் பார்க்கும் அல்புமின் என்னும் இரத்தப் புரதத்தின் அளவும்கூட நோயின் போக்கைக் கணிக்கத் துணைசெய்கின்றன. இவை செலவு குறைந்தவை என்பதால் ஏழை நோயாளிகளுக்கு மிகவும் பயன்படும்.

எனவே, இரண்டு வாரத்துக்கு மேல் காமாலை நீடிப்பவர்களையும், மலம் வெளுத்து அரிப்புடன் வருபவர்களை இரண்டு வாரம் காத்திராமல் உடனேயும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பவும், அங்கு சிஏ 19-9 பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்து, அடைப்பை நீக்கியபின் மறுபடியும் எடுக்கவும், முடிவுச் சீட்டில் அன்றைய பிலிரூபின் அளவைக் கட்டாயம் குறிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். கருவிக்குக் கருவி அளவு மாறுபடுவதால், ஒரு நோயாளிக்குத் தொடர்ந்து ஒரே ஆய்வகத்தில் எடுப்பதும் அவசியம். மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் வீடு வீடாக வரும்போது இந்த அறிகுறிகளையும் கேட்டறிய அறிவுறுத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)