மூளைச்சாவின் முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்: வடாற்காடு ஐ.சி.யூ.க்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஐ.சி.யூ. நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், அங்கே இரவுப் பணி பார்க்கும் டாக்டர்களுக்கும் வணக்கம்.

சி.எம்.சி.யில் 1971-இல் சிறுநீரக மாற்று, 1986-இல் எலும்பு மஜ்ஜை மாற்று என்று தொடங்கிவைத்த மண் இது. மாற்று அறுவை சிகிச்சை தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. மூளைச்சாவு அடைந்தவரின், அதாவது மூளை முற்றிலும் செயலிழந்து வென்டிலேட்டர் துணையில் இதயம் மட்டும் துடிப்பவரின், உறுப்புகள் வீணாவது அதற்கு வெகு முன்னால். பெங்களூரு நெடுஞ்சாலையில் தலையில் அடிபட்டு வந்தவருக்கு "ஜி.சி.எஸ். 3, இரு பியூப்பிலும் விரிந்துள்ளன, அசைவில்லை" என்று (உணர்வே இல்லை, கண்மணிகள் விரிந்து அசையவில்லை என்று பொருள்) கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகு, அடுத்து என்ன என்று யாரும் முடிவெடுக்காமல் கழியும் நேரத்தில்தான் வீணாகின்றன. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் பார்க்கட்டும் என்று விடுகிறீர்கள். விடிவதற்குள் பி.பி. சரிந்து இதயம் நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால், "உயிர் இருக்கும்போதே வீடு போய்ச் சேரட்டும்" என்று உறவினர்கள் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் கையால் மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை அழுத்தியபடியே கூட்டிப்போகிறார்கள்.

அதற்காக அவசரப்படச் சொல்லவில்லை. முதலில் காரணம் தெரிய வேண்டும். சி.டி.யில் மூளைக் காயம் தெளிவாக இருக்க வேண்டும். நம் பகுதியில் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் கடித்தவர் மூளைச்சாவு அடைந்தவர் போலவே கிடப்பார்: பியூப்பில் விரிந்திருக்கும், இமை அசையாது, மூச்சு இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவருக்குக் கடிவாய்கூடத் தெரியாமல் போகலாம். வென்டிலேட்டரில் வைத்திருந்தால் சில நாட்களில் எழுந்து உட்காருவார். பூச்சிமருந்து குடித்தவரும் அப்படித்தான். அதற்கான மாற்று மருந்தான அட்ரோபின் பியூப்பிலை விரிக்கும்; அது ஓடும்போது பியூப்பிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மிடசோலம், ஃபென்டனில் போன்ற மயக்க, வலிநீக்கி மருந்துகள், தசை தளர்த்தி மருந்துகளின் வேகம் அடங்கியிருக்க வேண்டும். உடல் வெப்பம் 36 டிகிரிக்கு மேல், சிஸ்டாலிக் பி.பி. 100-க்கு மேல் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குப் பரிசோதனை வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் தள்ளிப்போடக் காரணமே இல்லை. மூளைத்தண்டு அனிச்சைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காதில் 50 மில்லி ஐஸ் தண்ணீர் விட்டுக் கண் அசைகிறதா என்று பார்ப்பதும் அதில் உண்டு. பலர் சொதப்புவது, வென்டிலேட்டர் இல்லாமல் தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் ஆப்னியா பரிசோதனையில். 10 நிமிடம் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, தமனி ரத்தப் பரிசோதனையில் (ஏ.பி.ஜி.) கார்பன் டை ஆக்சைடு 35-க்கும் 45-க்கும் இடையில் வந்த பிறகே வென்டிலேட்டரைக் கழற்ற வேண்டும். குழாய்க்குள் மெல்லிய கதீட்டர் விட்டு நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன். கதீட்டர் குழாயை அடைத்துக்கொண்டால் காற்று வெளியேற வழியின்றி நுரையீரல் கிழிந்துவிடும். மார்பையும் வயிற்றையும் திறந்து வைத்து 8 முதல் 10 நிமிடம் பாருங்கள். மூச்சு அசைவே இல்லாமல் கார்பன் டை ஆக்சைடு 60-ஐத் தாண்டினாலோ, தொடக்க அளவைவிட 20 கூடினாலோ முடிவு உறுதி. நடுவில் பி.பி. 90-க்குக் கீழே போனால் உடனே வென்டிலேட்டரை மாட்டுங்கள். ரத்த மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பிக் காத்திருக்கும் இடத்தில் இந்தப் பரிசோதனையை நம்பகமாகச் செய்ய முடியாது.

இரண்டாம் பரிசோதனை குறைந்தது 6 மணி நேரம் கழித்து. உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் மூளைச்சாவுச் சான்றான படிவம் 10-இல் கையெழுத்திட வேண்டும். உறுப்பு பொருத்தும் குழுவில் இருப்பவர் இதில் சேரக்கூடாது. நியூரோ டாக்டர் கிடைக்கவில்லை என்பது வாணியம்பாடியில் இரவு 2 மணிக்கு உண்மையான சிக்கல்தான். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பொது மருத்துவரோ, அறுவை மருத்துவரோ, மயக்க மருந்து டாக்டரோ அந்த இடத்தில் கையெழுத்திட விதி இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் ஆட்களின் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

அந்த 6 மணி நேரத்தில் நோயாளியைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பதுதான் எங்கள் முதன்மையான வேண்டுகோள். மூளை போனதும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் போய்விடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 240 மில்லிக்கு மேல், தண்ணீர் போலத் தெளிந்த சிறுநீர் இறங்கும். "யூரின் நல்லா போகுது" என்று டியூட்டி டாக்டர் நிம்மதியடைவார். போன அளவுக்கு நார்மல் சலைன் ஏற்றுவார். ரத்தத்தில் சோடியம் 155-ஐத் தாண்டும், கல்லீரல் கெடும். இதில் தலைக்காயத்துக்காக எழுதிய, சிறுநீரை இன்னும் கூட்டும் மேனிட்டாலை நிறுத்த மறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இழந்த அந்த ஹார்மோன்தான் வாசோபிரஸின். அதன் 20 யூனிட் ஆம்பியூலை 50 மில்லி சலைனில் கலந்து, மணிக்கு 2.5 முதல் 6 மில்லி வரை சிரிஞ்ச் பம்பில் ஓட்டுங்கள். சிறுநீரும் கட்டுப்படும், பி.பி.யும் நிற்கும், பி.பி.யை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தின் தேவையும் குறையும். சோடியம், பொட்டாசியம் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஏ.சி. அறையில் உடல் தானே குளிர்ந்துவிடும், கம்பளி போர்த்துங்கள். டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் செலுத்தும் காற்றளவு) கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி போதும். இந்த வாசோபிரஸினை ஃப்ரிட்ஜில் இரண்டு ஆம்பியூல்கூட இருப்பு வைக்காத ஐ.சி.யூ.க்கள் நம் பக்கம் இருக்கின்றன என்பதும் தெரிந்ததே.

குடும்பத்தாரிடம் இரண்டு பேச்சாகப் பேசுங்கள். முதல் பேச்சில் தானம் வேண்டாம். இறந்துவிட்டார் என்று நேராகச் சொல்லுங்கள். அதை அவர்கள் உள்வாங்கிய பிறகு, உறுப்பு தான ஒருங்கிணைப்பாளருடன் போய் தானம் பற்றிக் கேளுங்கள். 2011 சட்டத் திருத்தத்தின்படி கேட்பது உங்கள் கடமை, சலுகை இல்லை. தண்டுவட அனிச்சையால் கை திடீரென்று தூக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் பார்த்த அம்மாவிடம் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது. படிவம் 8-இல் சம்மதம் வாங்கிய பிறகு உடலைப் பராமரிக்கும் செலவு, உறுப்பு எடுக்கும் செலவு எதுவும் அந்தக் குடும்பத்தின் பில்லில் ஏறக்கூடாது. இது 2014 விதியிலேயே இருக்கிறது. பில்லிங் கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல், சம்மதித்த குடும்பம் மறுநாள் பணம் கட்ட அலைந்தால், அந்த ஊரிலிருந்து அடுத்த சம்மதம் வராது.

விபத்து வழக்கென்றால் முதல் பரிசோதனை முடிந்ததுமே விசாரணை அதிகாரிக்குத் தகவல் கொடுங்கள். சம்மதம் வந்த பிறகு ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினால் 3 மணி நேரம் போய்விடும். உறுப்பு தானத்துக்காக இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரிலேயே மத்திய அரசு அனுமதித்துவிட்டது. எடுத்த பிறகு இதயத்துக்கு 4 மணி நேரத்தைத்தான் கணக்கில் வைக்க முடியும். வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர். தாமதத்தைச் சாலையில் ஈடுகட்ட இயலாது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு 2023 செப்டம்பரில் அறிவித்த அரசு மரியாதையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பான காகிதங்களைத்தான் மறக்கிறோம்.

உறுப்பு எடுக்கும் மையமாக மட்டும் பதிவு செய்துகொள்ள நீங்கள் மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையாக இருக்க வேண்டியதில்லை. ஐ.சி.யூ.வும் ஆபரேஷன் தியேட்டரும் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

உறுப்பு தானத்துக்கு முடியாது என்று சொன்னவர்களிடமும், இதயம் நின்று இறந்தவரின் வீட்டாரிடமும் கண்ணைப் பற்றிக் கேளுங்கள். 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். சர்க்கரை நோய், கண்ணாடி, கண்புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் இருந்தால் வேண்டாம். கண்ணை மூடி ஈரப் பஞ்சை வையுங்கள், தலைக்கடியில் இரண்டு தலையணை கொடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். மார்ச்சுவரிக்கு அனுப்பும் முன்பே கண் வங்கிக்கு போன் போக வேண்டும். அந்த எண்ணை நர்ஸ் மேசையில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
வடாற்காடு பகுதியில் தீவிர சிகிச்சை, உறுப்பு தான ஒருங்கிணைப்புப் பணிகளில் உள்ளோர்