சொல்லாமல் சுசூகா போனேன்

கிள்ளான்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மூர்த்தி,

நான் ஜப்பானில் இருக்கிற படத்தை என் மகள் போட்டதைப் பார்த்துவிட்டு "நல்லா இரு" என்று இரண்டே சொல் அனுப்பினாய். அதற்குப் பிறகு இரண்டு வாரமாகப் பேச்சில்லை. நீ என்னிடம் இப்படி ஆனது இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, உன் ஆர்எக்ஸ்இசட் பைக்கை நான் மேரு சாலையில் சாய்த்தபோது. அப்போதாவது வீட்டுக்கு வந்து திட்டினாய். இந்தத் தடவை அதுவும் இல்லை. அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். போனில் என்றால் நீ வைத்துவிடுவாய்.

தங்கச்சி முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். மகனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது, அதை நேரில் சொல்கிறேன்.

ஆமாம், நான் ஃபார்முலா ஒன் (எஃப் ஒன்) கார்ப் பந்தயம் பார்க்க ஜப்பான் போனேன். சுசூகா போனேன். உன்னிடம் சொல்லாமல் போனேன். 2017 அக்டோபர் 1, நம்ம செப்பாங் திடலில் கடைசி எஃப் ஒன் பந்தயம் முடிந்து, அந்தப் புல்மேட்டில் பச்சைக் குடையை மடக்கிக்கொண்டே நாம் கை அடித்துச் சொன்ன வார்த்தை எனக்கும் நினைவிருக்கிறது. "இனி இங்க இல்ல, சுசூகாதான், ரெண்டு பேரும் சேர்ந்துதான்." 2020-லும் 2021-லும் கோவிட் வந்து அங்கே பந்தயமே நடக்கவில்லை. 2022-ல் நீ வீடு கட்டினாய். 2023-ல் உன் மகன் கல்யாணம். போன வருஷம் தங்கச்சிக்கு ஆப்பரேஷன். எதிலும் உன்மேல் குற்றமில்லை. ஆனால் இந்த வருஷமும் கேட்டால் "அடுத்த வருஷம் பார்ப்போம்டா" என்ற பதில்தான் வரும் என்று நானே முடிவு செய்துகொண்டு கேட்காமல் விட்டேன். அது என் தப்பு. கேட்டிருக்க வேண்டும். நீ வராவிட்டாலும், கேட்டிருக்க வேண்டும்.

ஏன் அப்படி அவசரப்பட்டேன் என்றால், என் முதுகு. போர்ட் கிள்ளானில் 28 வருஷம் கொள்கலன் லாரி ஓட்டியதன் பலன், நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவில் தட்டு பிதுங்கிவிட்டது. போன டிசம்பரில் டாக்டர், "ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல உட்காராதீங்க" என்றார். அன்றிரவு படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஒசாகாவுக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். இந்த முதுகு இன்னும் இரண்டு வருஷத்தில் எந்த நிலையில் இருக்கும்? எனக்குப் பயம் வந்துவிட்டது மூர்த்தி. அந்தப் பயத்தில்தான் சேமநிதிப் பணத்தில் கை வைத்தேன். ஏர் ஏசியா எக்ஸில் படுக்கை இருக்கை, போக வர இரண்டுக்கும்.

நீ இப்போது "மலிவு விமானத்துல பிசினஸ் கிளாஸா?" என்று கேட்பது இங்கே கேட்கிறது. இருக்கிறது. அந்த ஏ330 விமானத்தில் 377 இருக்கை. அதில் முன்னால் இருக்கிற 12 மட்டும் படுக்கை. இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. கனமான போர்வை, தலையணை, ஒரு வேளைச் சாப்பாடு, 40 கிலோ பெட்டி. முன்னால் திரை கிடையாது, படம் கிடையாது. பெரிய கம்பெனி விமானங்களில் கொடுக்கிற பட்டுச் செருப்பு, பை எதுவும் கிடையாது. காசு கொடுப்பது படுப்பதற்கு மட்டும்தான், எனக்கு வேண்டியதும் அதுதான். டிக்கெட் விலை சாதா இருக்கையைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

பக்கத்துக் கைப்பிடியில் பொத்தான்கள். ஒன்றை அழுத்திப் பிடித்தால் காலடியில் இருந்து பலகை எழும்பி வரும், முதுகு மெதுவாகப் பின்னால் போகும். தலை கொஞ்சம் மேலே, கால் கொஞ்சம் கீழே என்று ஒரு சரிவில் நிற்கும். வீட்டில் மூன்று தலையணை வைத்து நான் தேடிக்கொண்டிருந்த சரிவு அதுதான். மேகத்துக்கு மேலே வந்ததும் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். இடது காலுக்குள் ஓடுகிற அந்த மின்னல் வலி, நாலு மாதத்தில் முதல் தடவையாக, வரவில்லை. வரும் வரும் என்று காத்துக்கொண்டே தூங்கிப்போனேன். எழுந்தபோது நாசி லெமாக் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து இருக்கை காலி. அதில் என் ஜாக்கெட்டை வைத்திருந்தேன். அந்த இடத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், அடுத்த தடவைக்கு உதவும். போகும்போது பகல் விமானம். அதில் எழுந்து நடக்கலாம், உன் முதுகுக்குச் சாதா இருக்கையே போதும். வரும்போது இராத்திரி விமானம், அதுவும் மூன்று நாள் படிக்கட்டில் ஏறி இறங்கி நின்ற உடம்போடு. அதற்குத்தான் படுக்கை. இருக்கிற காசை வருகிற வழியில் போட வேண்டும்.

ஒசாகாவில் இறங்கி ஒரு ராத்திரி. மறுநாள் நம்பா ஸ்டேஷனில் இருந்து கிண்டெட்சு ரயில், ட்சு என்ற ஊர் வரைக்கும். ஜப்பான் எழுத்தில் ஊர்ப்பேரே ஒரே எழுத்துதான். அங்கேதான் அறை கிடைத்தது. ட்சுவில் இருந்து ஷிரோக்கோ கால் மணி நேரம், அங்கிருந்து பந்தயத் திடலுக்குப் பஸ். சாப்பாட்டுக்கு நீ பயப்படாதே, மூலைக்கு மூலை கடை இருக்கிறது. ஊறவைத்த புளிப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டை விற்கிறார்கள். நம்ம ஊறுகாய்ச் சோறு மாதிரிதான், மூன்று நாளும் அதுதான் பசியாறியது.

இனி திடல். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

செப்பாங் செம்பனைக் காட்டுக்கு நடுவே அகலமாக, விசாலமாகப் போட்ட பாதை. திரும்பித் தப்பிக்க இடம் இருக்கும். சுசூகா அப்படியில்லை. ஹோண்டா கம்பெனி தன் காடிகளை, அதாவது கார்களை, ஓட்டிப் பார்க்க 1962-ல் கட்டியது. வயலை அழிக்காதே, மேட்டு நிலத்தில் போடு என்று சோய்ச்சிரோ ஹோண்டா சொன்னதாக அங்கே சொல்வார்கள். அதனால்தான் பாதை முழுக்க ஏற்றமும் இறக்கமும். 5.807 கிலோமீட்டர், 18 திருப்பம், எட்டு என்ற எண்ணைப் போல ஒரு இடத்தில் தன்னையே பாலம் ஏறித் தாண்டிப் போகிறது. எஃப் ஒன்னில் வேறெந்தத் திடலும் அப்படிக் கிடையாது. பாதை ஒடுக்கம். ஓரத்தில் புல், அதற்கப்பால் தடுப்பு. தப்பு செய்தால் தப்புதான்.

எனக்கு டி ஸ்டாண்டில் இருக்கை. முதல் வளைவு தாண்டி வரும் எஸ் எஸ்ஸாக நெளிகிற மேடு கண்ணுக்கு நேரே. வெள்ளிக்கிழமை முதல் காடி வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். டிவியில் அந்த இடம் சமமாகத் தெரியும்டா. நேரில் அது ஏறுகிறது. இடது, வலது, இடது, வலது என்று ஒவ்வொரு வளைவிலும் காடியின் மூக்கு மாறுகிறது, டிரைவரின் தலைக்கவசம் ஒரு பக்கம் சாய்ந்து அடுத்த நொடி மறுபக்கம் சாய்கிறது. நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பினவன் நான், நீ. ஒரு வளைவில் செய்த சின்னப் பிழை அடுத்த வளைவில் இரண்டாகி வந்து நிற்கும் என்று நமக்குத் தெரியும். அங்கே அதை அவர்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டு செய்கிறார்கள். சனிக்கிழமை, பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிக்கிற தகுதிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் 1:26.983 போட்டு நோரிஸை 0.012 நொடியில் முந்தினான். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. அன்று காய்ந்த புல் தீப்பிடித்து இடையில் நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமையும் தீப்பிடித்தது.

ஞாயிறு காலையில் மழை. நான் உடனே 2012 செப்பாங்கை நினைத்தேன். நரேன் கார்த்திகேயன் அந்த மெதுவான எச்ஆர்டி காடியை வைத்துக்கொண்டு, முழு மழை டயரில் கிளம்பி, மழையில் பந்தயத்தை நிறுத்தும்போது பத்தாவது இடத்தில் நின்றானே! நீ புல்மேட்டில் நனைந்துகொண்டு தொண்டை கிழியக் கத்தினாய், முன்னால் இருந்த ஆஸ்திரேலியாக்காரன் திரும்பிப் பார்த்து உனக்குக் கை கொடுத்தான். இங்கே பந்தயத்துக்குள் மழை நின்று பாதை காய்ந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பந்தயம் என்று பார்த்தால் சப்பை. வெர்ஸ்டாப்பன், நோரிஸ், பியாஸ்ட்ரி, லெக்லேர், ரஸல், ஆன்டொனெல்லி என்று முதல் ஆறு பேரும் நின்ற வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். இருபது காடியும் முடித்தது, ஒன்றுகூட நிற்கவில்லை. டயர் மாற்றிவிட்டு வெளியே வரும்போது நோரிஸ் புல்லில் ஏறினான், அது ஒன்றுதான் சூடு. சத்தமும் பழைய சத்தம் இல்லை. 2005-ல் நரேன் மஞ்சள் ஜோர்டானில் பதினொன்றாவதாக வந்த நாளில், வி10 சத்தம் நெஞ்செலும்புக்குள் அதிருமே, அது இனி யாருக்கும் கிடைக்காது.

ஆனாலும் எனக்கு ஏமாற்றம் இல்லை. காரணம் அந்த ஜனங்கள். மூன்று நாளில் 266,000 பேர். ஒரு அப்பா, தொப்பியில் காடியின் பின்னிறக்கையைத் தானே அட்டையில் செய்து ஒட்டியிருந்தார். நேர்ப்பாதையில் வேகத்துக்காக நிஜக் காடியில் திறக்கிற மாதிரியே, நூலை இழுத்தால் அது திறக்கும். நேர்ப்பாதையில் காடி வரும்போதெல்லாம் அவருடைய மகள், ஆறு வயது இருக்கும், அந்த நூலை இழுக்கிறாள். திருப்பம் வந்ததும் விடுகிறாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஜப்பான்காரன் சுனோடாவை ரெட் புல் அணிக்கு மாற்றின முதல் பந்தயம் இது. அவன் பன்னிரண்டாவதாகத்தான் வந்தான், ஒவ்வொரு சுற்றிலும் அவனுக்கு எழுந்த கைதட்டல் ஜெயித்தவனுக்கு இல்லை. கொடி விழுந்த பிறகும் யாரும் போகவில்லை. காலி பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து போகும்போது அவரவர் குப்பையை அவரவர் எடுத்துப் போகிறார்கள்.

ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டன்லப் வளைவுப் பக்கம் நடந்து போனேன். 2014-ல் டிரைவர் பியாங்கி பந்தயத்தில் அடிபட்ட இடம் அது. மழை, பாதி இருட்டு, உன் வீட்டில் டிவி முன்னால் இருந்தோம், நீ எழுந்து அணைத்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மாதம் கழித்து அந்தப் பையன் போய்ச் சேர்ந்தான், 25 வயது. அங்கே செர்ரி பூத்திருந்தது. கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். உன் சார்பிலும்தான்.

திரும்பி வருகிற ராத்திரி, விமானத்தில் படுத்துக்கொண்டு எனக்குச் செப்பாங்தான் ஓடியது, தூக்கம் வரவில்லை. 1999-ல் இருந்து 2017 வரை பத்தொன்பது பந்தயம். கிள்ளானில் இருந்து ஒரு மணி நேரம். டிக்கெட் விற்கவில்லை, செலவு தாங்கவில்லை என்றார்கள், ஒப்பந்தம் 2018 வரை இருந்தும் ஒரு வருஷம் முன்னாலேயே முடித்துக்கொண்டார்கள். கணக்கு எனக்குப் புரிகிறது. ஸ்டாண்டு காலியாகக் கிடந்ததையும் நாம் பார்த்தோம். ஆனால் கடைசி நாள் வெட்டல் கடைசியில் கிளம்பி நாலாவதாக வந்து, பந்தயம் முடிந்த பிறகு ஸ்ட்ரோலோடு மோதி, ஸ்டியரிங் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெர்லைன் காடிமேல் ஏறி உட்கார்ந்து வந்தானே, அதைப் பார்த்து நம் புல்மேடே எழுந்து சிரித்தது. அந்த மாதிரி ஒரு நாளை நம் பிள்ளைகள் நம் ஊரில் பார்க்கப் போவதில்லை. பதினைந்து வெள்ளிக்கு வாங்கித் தின்ற மீகோரெங்கும் புழுதியும் வெயிலும், எல்லாம் போய்விட்டது. அந்தச் சின்னப் பெண் நூலை இழுத்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமை மூர்த்தி. அவளுக்கு அது அவள் ஊர்.

சுசூகாவுக்கு 2029 வரை ஒப்பந்தம் இருக்கிறது. பந்தயமும் இப்போது வசந்தத்துக்கு மாறிவிட்டது, குளிர் தாங்கும். நமக்கு விசாவும் வேண்டியதில்லை. அடுத்த வருஷம் நீ வருகிறாய். கேட்கிறேன், இந்தத் தடவை சரியாகக் கேட்கிறேன்: என்னோடு வருகிறாயா? வருகிற வழியில் இருக்கிற அந்த இரண்டு படுக்கையும் என் கணக்கு. இதில் பேரம் பேசாதே.

மே 4 ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணி வருகிறேன். திட்டுவதை அன்றைக்கு நேரிலேயே திட்டிவிடு. தங்கச்சியிடம் நான் சாப்பிட வருவதாகச் சொல். உன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வை, எப்போது காலாவதி ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

உன்,
செல்வம்