ஊர் வைஃபைக்குப் பார்வைக்கோடு முக்கியம்

ஆசிரியருக்கு,

யானைமலை அடிவாரத்திலும் மேலூர் பக்கமும் ஊர்ப்பொது வைஃபை அமைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பார்வைக்கோடு, அதாவது இரு ஆண்டெனாக்களுக்கும் இடையே தடையில்லாத நேர்வழி. கருவியின் விலை அப்புறம்தான். பாறையை எந்த ஆண்டெனாவும் ஊடுருவாது. எதிர்மாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 1 கி.மீ. இணைப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை நடுவழியில் சுமார் 4 மீட்டர் ஆரத்துக்கு விரிகிறது. அதில் 60 சதவீதமாவது தென்னை மட்டையும் புளியங்கிளையும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். கோடையில் நன்றாக ஓடும் இணைப்பு ஐப்பசி மழையில் படுத்தால், முதலில் நனைந்த இலைகளைச் சந்தேகியுங்கள். ரூட்டரை மாற்றிப் பணத்தை விரயமாக்க வேண்டாம்.

ஆண்டெனாவை மாடியிலும் ரூட்டரைக் கீழேயும் வைப்பது பெருந்தவறு. இரண்டையும் இணைக்கும் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆண்டெனா கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் (சிக்னல் இழப்பின் அளவு) விழுங்கும். 10 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். ஆண்டெனாவோடு சேர்ந்த வெளிப்புறக் கருவியை மேலேயே பொருத்தி, ஈத்தர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்புங்கள். 100 மீட்டர் வரை சிக்கலில்லை. கம்பத்துக்கு எர்த் கட்டாயம்.

மடிக்கணினியில் சிக்னல் குறைவா? அதன் ஆண்டெனா பெரும்பாலும் திரை விளிம்புக்குள் இருக்கும், பிரிக்காதீர்கள். யூஎஸ்பி வைஃபை அடாப்டரை 3 மீட்டர் நீட்டிப்பு கேபிளில் ஜன்னலுக்குக் கொண்டுபோய், அலையைக் குவிக்கும் குழிவான உலோகச் சல்லடையின் உட்குழிவுக்கு முன்னால் சில அங்குலம் தள்ளிப் பொருத்தி, முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடம் பாருங்கள்.

உயரமான இடமே இதில் பாதி வேலை. ஊராட்சிகள் மேல்நிலை நீர்த்தொட்டிகளில் கம்பம் நட அனுமதி தர வேண்டும்.

— வாசகர், ஒத்தக்கடை, மதுரை