சர்வர் இன்று இரவு நிற்கும்

ராயபுரம் ஆபீஸ் சர்வரில் இரண்டு நாளாக வோல்டேஜ் எச்சரிக்கை வந்து வந்து போகிறது. பதறி யாரும் புது பவர் சப்ளை ஆர்டர் போட வேண்டாம். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. இரவு பேக்கப் ஓடும்போது மட்டும் 11.3-ஐத் தொட்டுவிட்டு மீள்கிறது.

இன்று 9 மணிக்கு சர்வரை நிறுத்தி, இரண்டு பவர் சப்ளைகளையும் இடம் மாற்றிச் சொருகப் போகிறேன். எச்சரிக்கையும் கூடவே இடம் மாறினால் சப்ளைதான் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் கனெக்டரையோ போர்டையோ பார்க்க வேண்டும். எனக்குச் சந்தேகம் கனெக்டர் மேல்தான். போன முறை திறந்தபோது பின்களில் பச்சை பூத்திருந்தது. காசிமேட்டு உப்புக்காற்று சும்மா விடுமா?

அரை மணி நேரம் ஆகும். பில் வேலையை 9 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம், யூபிஎஸ்ஸில் டேபிள் ஃபேன் சொருகியிருப்பவர் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.